எத்தனை ஜிபி என்று மட்டும் கேட்காதீர்கள்

பழைய கம்ப்யூட்டருக்கு ராம் வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "4 ஜிபி ராம் என்ன விலை?" என்பதுதான். கடைக்காரர் "டிடிஆர்2-வா, டிடிஆர்3-யா?" என்று ஒரு கேள்வி கேட்பார். பதில் சொன்னால் விலையைச் சொல்வார். பணம் கைமாறும். இரண்டு நிமிடத்தில் வியாபாரம் முடிந்துவிடும். ஆனால் இந்த வியாபாரத்தில் யாரைக் கேட்க வேண்டுமோ அவரை யாருமே கேட்கவில்லை. அவர்தான் வீட்டில் கேபினெட்டுக்குள் இருக்கும் மதர்போர்டு.

எந்த வகை ராம், ஒரு ஸ்லாட்டுக்கு எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று தீர்மானிப்பது நாமும் அல்ல, கடைக்காரரும் அல்ல. பழைய கம்ப்யூட்டர்களில் அதைத் தீர்மானிப்பது போர்டும் அதில் உள்ள சிப்செட்டும்தான். எனவே "எத்தனை ஜிபி" என்பது நாம் கேட்கும் கடைசிக் கேள்வியாக இருக்க வேண்டும். அத்துடன், எந்த போர்டுக்காக அந்த ராமை விற்றார் என்பதைக் கடைக்காரர் பில்லில் எழுதித் தர வேண்டும். இந்த இரண்டையும்தான் இந்தக் கட்டுரையில் வலியுறுத்த விரும்புகிறேன்.

யாருக்காக இது?

நான் ஒரு சாப்ட்வேர் இன்ஜினியர். வீடு டோல்கேட்டில். இன்ஜினியரிங் முடித்தவன் என்று தெருவில் தெரிந்துவிட்டால் போதும், யார் வீட்டு கம்ப்யூட்டர் படுத்தாலும் "தம்பி, கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போப்பா" என்று அழைப்பு வந்துவிடும். வேலை புரோகிராம் எழுதுவது என்றாலும், ஞாயிற்றுக்கிழமைகளில் என் கையில் இருப்பது ஸ்க்ரூ டிரைவர்தான்.

துறைமுகத்திலும், மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளிலும் உழைக்கிற குடும்பங்கள் நிறைந்த பகுதி இது. இங்கே ஒரு வீட்டுக்கு முதன்முதலாக வரும் கம்ப்யூட்டர் பல சமயம் அந்த வீட்டுக்குத்தான் புதிது. கம்ப்யூட்டருக்கு வயது பத்து, பதினைந்து இருக்கும். ஆபீஸ்களில் கழித்துவிட்ட டெல் ஆப்டிபிளக்ஸ், எச்பி காம்பேக், லெனோவா திங்க்சென்டர் ஆகியவை ரிச்சி தெரு வழியாக வீடுகளுக்கு வந்து சேர்கின்றன. இல்லாவிட்டால் ஜி31, ஜி41, எச்61 போர்டு போட்ட அசெம்பிள்டு கம்ப்யூட்டராக இருக்கும். இவை நம் ஊருக்கு அந்நியமானவை அல்ல. டெல் 2007-இல் ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலையைத் திறந்தது. இந்த வகை போர்டுகளை விற்ற செப்ரானிக்ஸ் சென்னைக் கம்பெனி.

இவற்றைக் குப்பை என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் டைப்பிங் பழகவும், சி, பைத்தான் எழுதிப் பார்க்கவும், பாடம் படிக்கவும் இவை போதும். ஆனால் பெரும்பாலும் 1 ஜிபி அல்லது 2 ஜிபி ராமோடுதான் கைக்கு வருகின்றன. அதனால்தான் ராம் வாங்கும் வேலை முதல் மாதத்திலேயே வந்துவிடுகிறது.

"பழசை விட்டுவிட்டுப் புதிதாக வாங்கலாமே" என்று கேட்கலாம். 2025-இன் கடைசி மாதங்களில் ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் உலகச் சந்தையில் மெமரி விலை கடுமையாக ஏறியது. அந்த ஆண்டு டிசம்பரில் மைக்ரான் கம்பெனி, க்ரூஷியல் என்ற பெயரில் வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு விற்று வந்த ராம், எஸ்எஸ்டி வியாபாரத்தை 2026 பிப்ரவரியோடு நிறுத்திக் கொள்வதாக அறிவித்தது. புது கம்ப்யூட்டர் வாங்க வசதி உள்ளவர்களே யோசிக்கும்படி ஆகிவிட்டது. இந்த நிலையில் கையில் உள்ள பழைய கம்ப்யூட்டருக்குச் சரியான ராம் போடத் தெரிந்திருப்பது நல்லது.

முதலில் வகை

இது எளிதான பகுதி. டெஸ்க்டாப் ராம்களில் நீங்கள் சந்திக்கக் கூடியவை ஐந்து வகை.

எஸ்டிராம்: 168 பின். அடிப்பகுதியில் இரண்டு வெட்டுகள் இருக்கும். பென்டியம் 2, பென்டியம் 3 காலத்தவை. 3.3 வோல்ட்.

டிடிஆர்: 184 பின், ஒரு வெட்டு. பென்டியம் 4 காலம். 2.5 வோல்ட்.

டிடிஆர்2: 240 பின். 945, ஜி31 போர்டுகளில் இதுதான். 1.8 வோல்ட்.

டிடிஆர்3: இதற்கும் 240 பின். ஆனால் வெட்டு இருக்கும் இடம் வேறு. 1.5 வோல்ட்.

டிடிஆர்4: 288 பின். 1.2 வோல்ட்.

ஒரு வகை ராம் இன்னொரு வகை ஸ்லாட்டில் உட்காராது. வோல்டேஜ் வேறு என்பதால்தான் வெட்டையும் வேறு இடத்தில் வைத்திருக்கிறார்கள். உட்காரவில்லை என்றால் அழுத்தித் திணிக்காதீர்கள். ஸ்லாட் உடையும், இல்லாவிட்டால் போர்டே போகும். ஜி41 சிப்செட் டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டு வகையிலும் வந்தது. எனவே சிப்செட் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் ஸ்லாட்டையும் பாருங்கள். சின்னப் பெட்டியாக வரும் சில பிராண்டட் டெஸ்க்டாப்களில் லேப்டாப் ராம்தான் பொருந்தும். நீளத்தில் பாதி இருக்கும். திறந்து பார்க்காமல் வாங்கக் கூடாது.

வேகத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். அதே வகையில் வேகம் கூடிய ராமைப் போட்டால் பொதுவாக அது போர்டின் வேகத்துக்கு இறங்கி வேலை செய்யும். 1333 போதும் என்கிற போர்டில் 1600 போட்டால் அதுவும் 1333-ஆகத்தான் ஓடும். வேகத்துக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

இதுவரை சொன்னது எல்லாக் கடைக்காரர்களுக்கும் தெரியும். பிரச்சினை இதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

ஒரே லேபிள், இரண்டு வேறு ராம்

எங்கள் தெருவில் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். மகள் பாலிடெக்னிக்கில் சேர்ந்தபோது ஒரு செகண்ட் ஹேண்ட் அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வாங்கினார். ஜி41 போர்டு, இரண்டு ஸ்லாட், இரண்டு 1 ஜிபி டிடிஆர்3 ராம். அந்த போர்டு மொத்தம் 8 ஜிபி வரை ஏற்கும் என்று மகள் சரியாகவே கண்டுபிடித்துச் சொன்னாள். அண்ணன் இரண்டு 4 ஜிபி டிடிஆர்3 ராம் வாங்கி வந்தார். இரண்டும் புதியவை, சீல் உடைக்காதவை. போட்டதும் மானிட்டர் கறுப்பாகவே நின்றது.

கடைக்குத் திரும்பப் போனார். கடைக்காரர் தன் டெஸ்டிங் மெஷினில் போட்டுக் காட்டினார். 8 ஜிபி பளிச்சென்று தெரிந்தது. "ராம்ல ஒண்ணும் இல்லண்ணே, உங்க போர்டுதான் போயிருக்கும்" என்றார். பிரித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றும் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து பழைய 1 ஜிபி ராம்களைப் போட்டதும் கம்ப்யூட்டர் ஒழுங்காகக் கிளம்பியது. ராமும் நல்லது, போர்டும் நல்லது, கடைக்காரர் சொன்னதிலும் பொய் இல்லை. ஆனால் அண்ணனின் இரண்டு நாள் வருமானம் போயிற்று.

என்ன நடந்தது? ராமை எடுத்து அதன் மேல் உள்ள கறுப்பு சிப்களை எண்ணிப் பார்த்தேன். ஒரு பக்கம் 8, மறுபக்கம் ஒன்றுமில்லை. விஷயம் இதில்தான் இருக்கிறது.

4 ஜிபி ராமை இரண்டு விதமாகச் செய்யலாம். ஒவ்வொன்றும் 256 எம்பி உள்ள 16 சிப்களை, பக்கத்துக்கு எட்டாக ஒட்டலாம். அல்லது ஒவ்வொன்றும் 512 எம்பி உள்ள 8 சிப்களை ஒரே பக்கம் ஒட்டலாம். 16-ஐ 256-ஆல் பெருக்கினாலும், 8-ஐ 512-ஆல் பெருக்கினாலும் வருவது 4096 எம்பிதான். லேபிளில் இரண்டுக்கும் "4 ஜிபி டிடிஆர்3" என்றுதான் பெரிதாகப் போட்டிருக்கும்.

ஆனால் 2008-இல் வந்த ஜி41 சிப்செட்டுக்கு, ஒரு சிப்புக்குள் 256 எம்பி வரைதான் முகவரி போடத் தெரியும். ஒரு தெருவில் 256 வீடு வரை மட்டுமே எண்ணத் தெரிந்த தபால்காரரிடம் 512 வீடு உள்ள தெருவைக் கொடுத்தால் எப்படியோ, அப்படித்தான். ஒன்று, கம்ப்யூட்டர் கிளம்பவே கிளம்பாது. அல்லது 4 ஜிபி ராமை 2 ஜிபி என்று காட்டும். கடைக்காரரின் டெஸ்டிங் மெஷினில் இருந்தது எச்61 போர்டு. அதற்கு 512 எம்பி சிப்பும் தெரியும். அதனால் அங்கே ஓடியது.

ஜி41 மட்டுமல்ல, அதே குடும்பத்தைச் சேர்ந்த க்யூ45 சிப்செட்டுக்கும் இதே கதை. ஆபீஸ்களில் இருந்து நிறைய வெளியே வந்த டெல் ஆப்டிபிளக்ஸ் 780, எச்பி காம்பேக் 8000 எலைட் ஆகியவை க்யூ45 மெஷின்கள். இவற்றில் நான்கு ஸ்லாட் உள்ள பெரிய பெட்டிகள் 16 ஜிபி வரை ஏற்கும். ஆனால் 16 சிப் உள்ள 4 ஜிபி ராம்களாக இருக்க வேண்டும்.

லேபிளில் சிறிய எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். "2 ஆர் எக்ஸ் 8" என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தால் இரண்டு வரிசை, 16 சிப். "1 ஆர் எக்ஸ் 8" என்றால் ஒரே வரிசை, 8 சிப். ஜி41, க்யூ45 போர்டுக்கு 4 ஜிபி டிடிஆர்3 வாங்கினால் முதல் குறியீடு உள்ளதை மட்டும் வாங்குங்கள். குறியீடு இல்லையா? கடையிலேயே நின்று சிப்களை எண்ணுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதிலிருந்து ஒரு வேடிக்கையான முடிவு கிடைக்கிறது. பிற்காலத்தில் செய்த 4 ஜிபி டிடிஆர்3 ராம்கள் பெரும்பாலும் 8 சிப் வகை. முன்பு செய்தவைதான் 16 சிப் வகை. எனவே இந்த போர்டுகளுக்கு சீல் உடைக்காத புது ராமைவிட, இன்னொரு பழைய ஆபீஸ் மெஷினில் இருந்து கழற்றிய ராமே பொருத்தம். புதுசு என்றால் நல்லது என்ற நம் பழக்கம் இங்கே எடுபடாது. அண்ணன் வீட்டுக் கம்ப்யூட்டரில் இப்போது அப்படிக் கழற்றிய இரண்டு ராம்கள்தான் 8 ஜிபியாக ஓடிக் கொண்டிருக்கின்றன.

விலை ரொம்பக் குறைவா? கொஞ்சம் நில்லுங்கள்

டிடிஆர்2 தேடுபவர்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. ஆன்லைனில் 2 ஜிபி, 4 ஜிபி டிடிஆர்2 800 ராம்கள் மற்றவற்றைவிட மலிவாகத் தெரியும். விவரத்தில் எங்கோ ஓர் ஓரத்தில் "ஏஎம்டி மட்டும்" என்று எழுதியிருக்கும். சிப்கள் வேறு அமைப்பில் உள்ள ராம்கள் இவை. ஏஎம்டி பிராசசர்களில் மெமரி கன்ட்ரோலர் பிராசசருக்குள்ளேயே இருக்கிறது. இந்த அமைப்பை அது படித்துவிடும். இன்டெல் சிப்செட்டுகள் படிக்காது. உங்களிடம் இருப்பது இன்டெல் கம்ப்யூட்டர் என்றால் இதைத் தொடாதீர்கள். ஏஎம்டி போர்டு என்றாலும், அந்த போர்டில் ஓடும் என்று விற்பவர் உறுதி சொன்னால் மட்டுமே வாங்குங்கள்.

அடுத்தது சர்வர் ராம். சர்வர்கள் கழியும்போது அவற்றின் டிடிஆர்3 ராம்கள் மலிவாகச் சந்தைக்கு வரும். பின் எண்ணிக்கையும் வெட்டும் டெஸ்க்டாப் ராமைப் போலவே இருப்பதால் ஸ்லாட்டில் அழகாக உட்காரும். ஆனால் ரிஜிஸ்டர்டு வகை சர்வர் ராம் சாதாரண டெஸ்க்டாப்பில் ஓடாது. லேபிளில் "பிசி3-10600" போன்ற எண்ணை அடுத்து வரும் ஆங்கில எழுத்தைப் பாருங்கள். "யூ" என்றால் டெஸ்க்டாப் ராம். "ஆர்" என்றால் சர்வர் ராம். வைத்துவிட்டு வாருங்கள்.

போர்டுக்கும் ஒரு எல்லை உண்டு

சரியான வகையாகவே இருந்தாலும் அளவுக்கு மேல் போட்டால் பயன் இல்லை. அடிக்கடி பார்க்கக் கிடைக்கும் இன்டெல் சிப்செட்டுகளின் உச்ச அளவு இது:

810, 815: 512 எம்பி
845 டிடிஆர் வகை: 2 ஜிபி
865: 4 ஜிபி
945ஜி: 4 ஜிபி
ஜி31: 4 ஜிபி
ஜி41: 8 ஜிபி
எச்61: 16 ஜிபி

இது சிப்செட்டின் எல்லை. உங்கள் போர்டில் ஸ்லாட் குறைவாக இருந்தால் எல்லையும் குறையலாம். கடைசி வார்த்தை போர்டின் மேனுவலுடையது.

ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பி, 7, 10 எதுவாக இருந்தாலும் 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது. 4 ஜிபி போட்டாலும் 3 ஜிபி சொச்சம்தான் பயன்படும் என்று காட்டும். எனவே 8 ஜிபி போட நினைப்பவர்கள் முதலில் 64 பிட் ஓடுகிறதா என்று பாருங்கள்.

மிகப் பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். பழைய தமிழ் எழுத்துருக்களும் பேஜ்மேக்கரும் ஓட வேண்டும் என்பதற்காக விண்டோஸ் 98 மெஷினை விடாமல் வைத்திருக்கும் அச்சகங்களைப் பார்த்திருக்கிறேன். இங்கே அதிக ராம் போடுவதே தொல்லை. விண்டோஸ் 98-இல் 512 எம்பிக்கு மேல் போனால், இவ்வளவு ராம் இருந்தும் "மெமரி போதவில்லை" என்ற செய்தி வரலாம். 1 ஜிபி போட்டால் கிளம்பாமலே போகலாம். அதற்கும் முந்தைய பென்டியம் காலத்து 430டிஎக்ஸ் சிப்செட், முதல் 64 எம்பியை மட்டுமே கேஷ் செய்யும். அதற்கு மேல் ராம் சேர்த்தால் வேகம் குறையும். அதிகம் என்றால் வேகம் என்பது எப்போதும் உண்மை அல்ல.

ஜி41-இல் நடந்த கதையும் புதிதல்ல. 1998-இல் வந்த 440பிஎக்ஸ் சிப்செட் போர்டில் 16 சிப் உள்ள 256 எம்பி எஸ்டிராம் முழுதாகத் தெரியும். 8 சிப் உள்ள 256 எம்பி, 128 என்று பாதியாகத் தெரியும். பத்து வருடம் கழித்து அதே தலைவலி வேறு பெயரில் வந்தது. சிப்களை எண்ணும் பழக்கம் அன்று தேவைப்பட்டது, இன்றும் தேவை.

கடைக்குப் போகும் முன்

முதலில், ராம்தான் குறையா என்று பாருங்கள். விண்டோஸ் 10-இல் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போங்கள். வழக்கமாகச் செய்யும் வேலைகளைச் செய்துகொண்டே கவனியுங்கள். மெமரி எப்போதும் நிறைந்தே இருந்தால் ராம் வேண்டும். மெமரியில் இடம் இருக்கிறது, ஆனால் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது என்றால் உங்களுக்குத் தேவை எஸ்எஸ்டி. சாட்டா இணைப்பு உள்ள எந்தப் பழைய போர்டிலும் அதை மாட்டலாம். 4 ஜிபி ராம் ஏற்கெனவே உள்ள மெஷினில், இன்னொரு 4 ஜிபியைவிட எஸ்எஸ்டி தரும் மாற்றம் பெரிது. எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்பதையும் அதே மெமரி பக்கத்தில் பார்க்கலாம்.

அடுத்து சிபியு-இசட் என்ற இலவச புரோகிராமை இறக்கிக் கொள்ளுங்கள். அதில் மெயின்போர்டு பக்கம் போர்டின் பெயரையும் சிப்செட்டையும் சொல்லும். எஸ்பிடி பக்கம் ஒவ்வொரு ஸ்லாட்டிலும் உள்ள ராமின் அளவு, வகை, வேகம் ஆகியவற்றைச் சொல்லும். பிராண்டட் கம்ப்யூட்டர் என்றால் இன்னும் எளிது. டெல் பெட்டியில் சர்வீஸ் டேக், எச்பியில் புராடக்ட் நம்பர் ஒட்டியிருக்கும். அதைக் கொண்டு கம்பெனியின் இணையதளத்தில் மேனுவலை எடுத்துவிடலாம்.

பிறகு கேபினெட்டைத் திறவுங்கள். பவர் கார்டை உருவிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். கேபினெட்டின் இரும்பைத் தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, ராமை ஓரங்களில் பிடித்து எடுங்கள். எங்கள் பகுதி வாசகர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள். உப்புக் காற்றும் தூசியும் ராமின் பின்களில் படிந்துவிடும். "ராம் போயிடுச்சு" என்று சொல்லப்படுபவற்றில் கணிசமானவை வெறும் அழுக்குதான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் பின்களைத் துடைத்து, ஸ்லாட்டில் உள்ள தூசியை பிரஷ்ஷால் தட்டிவிட்டு மறுபடி மாட்டிப் பாருங்கள். செலவில்லாமலே வேலை முடிந்துவிடலாம்.

அதன் பிறகும் ராம் வேண்டும் என்றால் போர்டு பெயர், பழைய ராமின் இரண்டு பக்கம், லேபிள் ஆகியவற்றை மொபைலில் படம் எடுத்துக் கொள்ளுங்கள். முடிந்தால் பழைய ராமில் ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். 2021 பிப்ரவரியில் டோல்கேட் மெட்ரோ ஸ்டேஷன் திறந்த பிறகு, ரிச்சி தெருவுக்குப் போக அரசினர் தோட்டம் ஸ்டேஷன் வரை ஒரே ரயில்தான். கேபினெட்டையே எடுத்துப் போய் அங்கேயே போட்டுப் பார்த்து வாங்கினாலும் தவறில்லை.

வாங்கி வந்ததும் மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவச புரோகிராமை பென் டிரைவில் போட்டு, அதிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பி ஒரு முழுச் சுற்று ஓட விடுங்கள். ஒரு பிழைகூட வரக் கூடாது. கழற்றிய பழைய ராம் வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

பில்லில் ஒரு வரி

இப்போது கடைக்காரர்களிடம் வருகிறேன். ரிச்சி தெருவில் அனுபவசாலிகள் நிறைய இருக்கிறார்கள். சிப்பைப் பார்த்தே போர்டு பெயரைச் சொல்லக் கூடியவர்களை அங்கே சந்தித்திருக்கிறேன். குறை அறிவில் இல்லை, வழக்கத்தில்தான். "4 ஜிபி டிடிஆர்3 - 1" என்று மட்டும் பில் எழுதுவது அந்த வழக்கம். பல சமயம் பில்லே இல்லை.

2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பில் தர மறுப்பதை முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதையும் அப்படியே சொல்கிறது. ஆனால் நான் மேலே சொன்ன வழக்கில் ராமில் குறை இல்லையே! நல்ல ராம், நல்ல போர்டு, பொருத்தம் மட்டும் இல்லை. சட்டத்தைக் கையில் வைத்திருந்தாலும் அந்த அண்ணனால் வாதாட முடியாது.

"ஜி41 போர்டுக்காக, 4 ஜிபி டிடிஆர்3, 16 சிப்" என்று பில்லில் ஒரு வரி இருந்தால் நிலைமை மாறுகிறது. சொன்ன பொருள் ஒன்று, தந்த பொருள் வேறு என்று வாங்கியவர் காட்ட முடியும். நியாயம் கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து பேசவும் கையில் ஆதாரம் இருக்கும். கடைக்காரருக்கும் இதில் நன்மை உண்டு. வாடிக்கையாளர் தவறான போர்டு பெயரைச் சொல்லி வாங்கியிருந்தால் பொறுப்பு அவருடையது என்று அதே வரியைக் காட்டலாம். ஒரு வரி எழுத அரை நிமிடம் ஆகும்.

"இவ்வளவு மலிவான பொருளுக்கு இதெல்லாம் தேவையா? போட்டால் ஓடும், ஓடாவிட்டால் மாற்றிக் கொள்ளலாம்" என்று சிலர் சொல்கிறார்கள். மாற்றித் தரும் கடை என்றால் எனக்கும் ஆட்சேபணை இல்லை. ஆனால் பொருளின் விலை கடைக்குச் சிறிதாகத் தெரியலாம், வாங்குகிறவர் வீட்டில் அது அந்த வார மளிகையாக இருக்கும். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. "இந்த கம்ப்யூட்டரே சரியில்லை" என்று மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடுகிறார்கள். படிக்க உட்கார்ந்த பிள்ளையின் கையிலிருந்து கம்ப்யூட்டர் போய்விடுகிறது. பொருந்தாத ஒரு ராமினால் இது நடக்கக் கூடாது.

எங்கே நிறுத்துவது?

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எவ்வளவு ராம் போட்டாலும் பழைய பிராசசர் புதிதாகிவிடாது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் தந்து வந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0-உம், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை பிராசசரும் வேண்டும். ஜி41, எச்61 போர்டுகள் அந்தப் பட்டியலில் வராது. இவற்றில் நான் சிபாரிசு செய்வது லினக்ஸ். உதாரணமாக லினக்ஸ் மின்ட் 2 ஜிபியில் கிளம்பும், 4 ஜிபியில் வசதியாக ஓடும். அப்டேட் நின்றுபோன விண்டோஸில் பாங்க் வேலைகளைச் செய்யாதீர்கள்.

என் கணக்கு இதுதான். டிடிஆர்2 மெஷினுக்கு 4 ஜிபி, டிடிஆர்3 மெஷினுக்கு 8 ஜிபி, இரண்டுக்கும் ஒரு சின்ன எஸ்எஸ்டி. அத்துடன் நிறுத்திவிடுங்கள். 945-க்கும் அதற்கு முந்தைய போர்டுகளுக்கும் பணம் செலவழித்து ராம் தேட வேண்டாம். யாராவது சும்மா கொடுத்தால் போட்டுக் கொள்ளுங்கள். எஸ்டிராம், டிடிஆர் காலத்து மெஷின்களில் ஒரு குறிப்பிட்ட வேலை இருந்தால் மட்டும், அந்த வேலைக்குத் தேவையான அளவு போதும்.

ஆக, அடுத்த முறை கடை வாசலில் நிற்கும்போது கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள். "என் போர்டு இது. இதற்கு எந்த ராம் ஓடும்? அதை பில்லில் எழுதித் தருவீர்களா?" தயங்காமல் எழுதித் தருகிற கடையில் வாங்குங்கள். விலை கொஞ்சம் கூட இருந்தாலும் பரவாயில்லை.